கொக்கு உட்கார்ந்திருக்கிறதா?

நீர் வற்றிய சேற்றின் வாசனை, அழுகிய இலையும் உப்பும் கலந்தது, இன்றும் என்னைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. அந்தமானின் பெரார்கஞ்சில் இருக்கும் தம்பி வீட்டுக்கு டிசம்பர்தோறும் சென்னையிலிருந்து பத்து நாள் போகிறேன். காலையில் தேநீர் குடித்த கையோடு பைனாகுலரை எடுத்துக்கொண்டு பாலம்வரை நடந்து, வலசை வந்திருக்கும் வாலாட்டிகளையும் உள்ளான்களையும் பார்த்து, இடம், நேரம், வெளிச்சம் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதி வைக்கிறேன். அமைதியான பொழுதுபோக்கு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஆனால் பறவை பார்க்க நான் பழகியது பயத்தில்.

நாங்கள் அங்கே வளர்ந்தபோது பாலம் இல்லை. கடல்நீர் ஏறி இறங்கும் அந்த ஓடையை எல்லோரும் 'நாலா' என்றார்கள். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று வீட்டுக்கொரு மொழி இருந்தாலும் பிள்ளைகள் எங்களுக்குள் பேசியது இந்திதான். பள்ளிக்கூடம் அக்கரையில், சாலை வழியே சுற்றினால் வெகு தூரம், நீர் வற்றிய நேரத்தில் நாலாவில் போட்டிருந்த கற்கள்மேல் நடந்தால் பக்கம். நாலாவில் 'மகர்', அதாவது முதலை, உண்டு என்று எல்லோருக்கும் தெரியும், பார்த்தவர்கள் குறைவு. அதனால் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் கரையில் நின்று கொக்கைத் தேட வேண்டும். கொக்கு தண்ணீரோரம் இருந்தால் மகர் இல்லை. எல்லாம் மரத்தில் ஏறியிருந்தால் இறங்கக் கூடாது. பின்னாலிருந்து "பகுலா?" என்று கத்துவோம். "பைட்டா ஹை!", கொக்கு உட்கார்ந்திருக்கிறது, என்று பதில் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். "கொக்க நம்பி புள்ளைங்கள அனுப்புற ஊரு இது ஒண்ணுதான்" என்று டிபன் டப்பாவை மூடும்போதெல்லாம் அம்மா முணுமுணுப்பாள்.

எனக்குப் பதினொரு வயதும் தம்பி முருகேசனுக்கு எட்டு வயதும் ஆன டிசம்பரில் ஒரு காலை, நாங்கள் இருவர் மட்டும் போனோம். அவன் முன்னால். "பகுலா?" என்றேன். "பைட்டா ஹை, பைட்டா ஹை! சாமியார் மாதிரி குந்திக்கிட்டு இருக்கு" என்றபடியே இறங்கிவிட்டான். கொக்கு இருந்தது, அலையாத்தி வேர்களுக்கு அருகே, சேற்றில் பாதி புதைந்த கட்டை ஒன்றின்மேல், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு. மழைக்காலம் முடிந்தால் அப்படிக் கட்டைகள் வந்து ஒதுங்குவது வழக்கம்தான். அவன் நடுக்கல்லை எட்டியபோது கொக்கு பறந்தது. அதன் காலடியில் இருந்த கட்டை, சின்னச் சத்தமும் இல்லாமல், சேற்றிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.

பார்த்துக்கொண்டிருந்தவரை அது ஓர் இடத்தில் இருந்தது; மறைந்ததும் நாலா முழுவதும் அதுவாகிவிட்டது. தண்ணீர் தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. "அக்கா" என்றான் முருகேசன், கத்தாமல், பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல. முன்னே போகச் சொல்வதா, திரும்பச் சொல்வதா, அப்படியே நிற்கச் சொல்வதா என்று தெரியாமல் கரையிலேயே நின்றேன். அக்கரையில் தன் 'டுங்கி' என்ற சிறு படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த, நாங்கள் 'காகா' என்று அழைக்கும் வங்காளி மீனவர் பார்த்துவிட்டார். துடுப்பால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்து, "பாக் பேட்டா! இதர் பாக்!" என்று தன் பக்கம் ஓடிவரச் சொல்லி அலறினார். கல்லா தண்ணீரா என்று பாராமல் தம்பி அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினான். காகா காலரைப் பற்றித் தூக்கிய பிறகுதான் அழுதான். அவன் கையிலிருந்து விழுந்த செருப்பு ஒன்று மெதுவாக மிதந்து போனது. எங்கே அமிழும், எங்கே அமிழும் என்று, வளைவில் மறையும்வரை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். அமிழவில்லை.

அன்று மாலை அம்மா தம்பியின் கால்களைத் துடைத்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். மறுநாளிலிருந்து சாலை வழியே சுற்றித்தான் போனோம்.

இப்போது அந்தக் கற்கள் பாலத்துக்கு அடியில் எங்கோ புதைந்துவிட்டன. பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்து ஏற்றிப் போகிறது, "பகுலா?" என்று கத்திக் கேட்பார் யாருமில்லை. காகாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

இந்த டிசம்பரில் நான் பாலத்தில் நின்றிருந்தபோது முருகேசன் தன் டுங்கியின் கயிற்றை அவிழ்க்கக் கரைப்படியில் இறங்கினான். "மெயின்லேண்டுல கொக்கே கெடையாதாக்கா? பிளேன் ஏறி வந்து பாக்குற" என்றான். கடைசிப் படியில் நின்று, நரைத்த மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "பகுலா?" என்று கத்தினான்.

வேர்களுக்கு அருகே ஒரு கொக்கு இருந்தது. எப்போதும்போல அதன் காலடியைத்தான் முதலில் பார்த்தேன். கட்டை. பாசி, ஒடிந்த கிளையின் முண்டு.

"கட்டைதான்டா" என்றேன்.

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே இருந்தது. கால் மட்டும் படியைவிட்டு இறங்கவில்லை.

"நல்லா பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவ பாரு."

பைனாகுலரை மறுபடியும் உயர்த்தினேன்.