கட்டைவிரல் மூடிய கறுப்பு பீர்

செலண்டாரில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ராணுவ லாரிகள் போய் முடிய வேண்டுமாம். சாலையோரச் சீனர் கடையில் உட்கார்ந்து ஒரு பீர் வாங்குகிறேன்.

எதிரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற தமிழர் ஒருவர் வந்து கறுப்பு பீர் கேட்கிறார். மனைவிக்கு நேற்றுப் பிரசவமாம். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற இங்கே அதைத்தான் கொடுக்கிறார்கள். கடை முதலாளி தவுக்கே மூடியைத் திறந்தே கொடுக்கிறார். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடக் கூடாதென்று, டின்னோ பாட்டிலோ திறக்காமல் தோட்டத்து முள்வேலியைத் தாண்டக் கூடாது என்பது இந்த அவசரகாலத்து உத்தரவு. வாங்கியவர் கட்டைவிரலால் பாட்டில் வாயை அடைத்துக்கொள்கிறார்.

“வழியில சிந்திடும். ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போங்க,” என்கிறேன்.

“வேணாங்கையா. எப்படியும் பாதிய எனக்குன்னு வெச்சிருவா. மூத்தவன் பொறந்தப்பவும் அப்படித்தான். கசக்குதுன்னு பொய் சொல்லுவா லா.”

எனக்கு வயிறு எரிகிறது. என் பாட்டில் முழுக்க எனக்கே. கசக்கிறது என்று பொய் சொல்ல எனக்கு யாருமில்லை.

எதிரே வேலி வாசலில் காவலர் அவரை இரண்டு கைகளையும் தூக்கச் சொல்கிறார். பாட்டிலோடு கை மேலே போகிறது. கொட்டட்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். சட்டை, இடுப்பு, கால் என்று தடவி முடிக்கும்வரை அந்தக் கட்டைவிரல் அசையவே இல்லை.

உள்ளே போனதும் அவர் திரும்பி, பாட்டிலை என் பக்கம் உயர்த்திக் காட்டிச் சிரிக்கிறார். அவருக்காகத்தான் நான் பதறிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறார்.