சிந்தாத பிளேன்டீயும் பாரூக் நானாவும்

வெள்ளவத்தையில் கடையைத் திறந்து சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்தது. வாகனம் திருத்தும் கராஜ் நடத்திய பாரூக் நானாவின் மூத்த மகள். “அங்கிள், வாப்பா சுபஹுக்குப் பொறகு மௌத்தாகிட்டாங்க” என்றாள். அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு கண்மூடியிருக்கிறார். அவள் குரல் நடுங்கவில்லை. “கராஜத் தொறந்துதான் வெச்சிருக்கோம். வாங்க” என்றாள். நானாவின் மகள் வேறெப்படிப் பேசுவாள்?

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய குரலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கராஜில் பேசினால் தெருமுனை தேத்தண்ணிக் கடையில் கேட்கும். அடக்கம் என்ற பழக்கமே மனிதருக்குக் கிடையாது. “கொழும்பில எஞ்சின் கட்டுறவன் ஒருத்தன்தான் ஈக்கான். மத்தவனெல்லாம் கழட்டிப் பூட்டுறவன்” என்பார். அந்த ஒருத்தன் யாரென்று எவரும் கேட்டதில்லை.

யுத்த காலத்தில் என்னுடைய பழைய ஜப்பான் காருக்கு அவர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பூட்டினார். மலைநாட்டில் நடக்கும் மலையேற்றப் போட்டியில், தெருக்கார்களுக்கான பிரிவில் ஓடி வெல்ல வேண்டும் என்பது என் கனவு. அதே காரில்தான் தினமும் கடைச் சாமானும் ஏற்றவேண்டும். உதிரிப்பாகக் கடைக்காரனல்லவா, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் கிடைத்ததிலேயே பெரியதைக் கொண்டுபோய் நானாவின் மேசையில் வைத்தேன். நுகேகொடையில் நானாவுக்குப் போட்டியாக இருந்த கராஜ்காரர் தன் காருக்கு அப்படித்தான் போட்டிருந்தார். நின்ற இடத்திலேயே ‘குபு குபு’ என்று அதிரும் அந்தச் சத்தத்துக்கு எனக்கு வாயூறும்.

நானா கேமின் மேடுகளை விரலால் தடவிப் பார்த்தார். “சிவா, இது டர்போ இல்லாத எஞ்சினுக்கு. இதுல ரெண்டு பக்க வால்வும் கனநேரம் ஒண்டாத் தொறந்து நிக்கும். வெளிய போற புகை டர்போவில முட்டித் திரும்பி உள்ளுக்கே வரும். புதுக் காத்துக்கு எங்க எடம்?”

“ஒருக்காப் போட்டுத்தான் பாப்பமே நானா” என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

போட்டோம். கொழும்புக் காலி வீதியின் ராணுவச் சோதனைச் சாவடியில் நானாவோடு ஊர்ந்துகொண்டிருந்தபோது கார் குலுங்கி நின்றுவிட்டது. சாவடி நடுவில் ஒரு தமிழனுடைய கார் நின்றால் என்னவென்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. நானா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி, “கேம் எக லொக்குயி, மஹத்தயா!” என்று சிங்களத்தில் கத்தினார். கேம் பெரிசாம்! கடைசியில் சிப்பாய்களே காரைத் தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் அந்தக் கேம் கழன்றது. நானா நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். “வால்வு நல்லா உசரத் தொறக்கட்டும். ஆனா டக்கெண்டு மூடணும்.” பூட்டி முடித்து, ஓடும் எஞ்சினின் மூடிமேல் பாலில்லாத பிளேன்டீயை விளிம்புவரை ஊற்றிய கிளாஸை வைத்தார். எந்த எஞ்சினுக்கும் அவருடைய கடைசிப் பரீட்சை அதுதான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. “செக்பொயின்ட்ல இப்பிடி நிக்கணும். மலையில பாயிறது பொறகு” என்றார்.

மலையிலும் பாய்ந்தது. அங்கே நேரான பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை, வளைவுக்கு மேல் வளைவு. நுகேகொடைக் கார் மூச்சுப் பிடித்து வேகமெடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். என் காரோ வளைவை விட்டு நிமிரும்போதே இழுத்தது. நாங்கள்தான் முதலாவது! நானா என்னைக் காரிலிருந்து இழுத்தெடுத்துக் கட்டிப்பிடித்தார். நுகேகொடைக்காரர் வந்து கைகொடுத்து என்ன கேம் என்று கேட்டார். நானா பொனட்டை இறக்கி மூடினார்.

திரும்பும் வழியில் மறுபடியும் சாவடி. என் அடையாள அட்டையைப் பார்த்த இளம் சிப்பாய் பொனட்டைத் திறக்கச் சொன்னான். டர்போவின் குழாய்களைக் கண்டதும் முகம் மாறியது. “மேவா மொனவாத?” இதெல்லாம் என்னவென்று கேட்கிறான். அவன் பக்கத்தில் மணல்மூட்டைமேல் பிளேன்டீக் கிளாஸ் இருந்தது. நானா, “பொட்டக் தென்ன, மல்லி” என்று தம்பி முறை சொல்லிக் கேட்டு வாங்கி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்மேல் வைத்தார். தேத்தண்ணி அசையாமல் நின்றது. சிப்பாய் குனிந்து பார்த்தான். நானா பின்சீற்றில் கிடந்த வெற்றிக் கிண்ணத்தைக் காட்டி, “ஃபர்ஸ்ட்!” என்றார். அவன் சிரித்துவிட்டான். “ஹரி, யன்ன” என்றான். சரி, போகலாமாம்! வழிவிட்டான்.

நானா தேர்ந்த அந்தக் கேம் இன்றும் என் காரில்தான் சுழல்கிறது. அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான், அது எனக்குப் போதும். ஜனாஸா அடக்கம் முடிந்து கராஜுக்கு வந்து, என் காரின் எஞ்சினை ஓடவிட்டு பொனட்டைத் திறந்தேன். மகள் உள்ளே போனாள். விளிம்புவரை பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து தானே எஞ்சின்மேல் வைத்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சிந்தவில்லை.

“கொழும்பில எஞ்சின் கட்டுறவன் ஒருத்தன்தான்!” என்றாள், அழுதுகொண்டே, வாப்பாவின் அதே குரலில். தெருமுனைவரை கேட்டிருக்கும்.