ஏழு தகப்பன்மாரின் பெயர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நோர்வேயில், வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தவர் மத்திய ஆசியாவைச் சேர்ந்த ஒரு கசாக்கியர். என் மகள் ஆரணி விரும்பிய பையனின் தகப்பன், பெயர் எர்லான். பேச்செல்லாம் நோர்வேஜிய மொழியில்தான். தாங்கள் நைமான் குலம் என்றார். மங்கோலியாவில் இருந்தவர்கள், செங்கிஸ்கானிடம் தோற்று மேற்கே சிதறிக் கசாக்கியரோடு கலந்தவர்களாம்.

"நாங்களும் சிதறின ஆக்கள்தான்," என்றேன். மனிதரைப் பிடித்துப்போயிற்று.

அடுத்து அவர் கேட்டதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட தகப்பன் வழியிலை ஏழு பேரின்ர பெயரைச் சொல்லுங்கோ."

"சாதி பாக்கிறதெண்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம்!" எழுந்துவிட்டேன்.

புதிதாகச் சந்திக்கும் தமிழரிடம் "ஊரிலை எவடம்?" என்று நானும் கேட்பவள்தான். எதற்காகக் கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆரணி கையைப் பிடித்து இருத்தினாள். "அம்மா, இது வேறை. ஏழு தலைமுறைக்குள்ளை ஒரு பெயர் பொருந்தினாலும் சொந்தமாம். சொந்தத்துக்குள்ளை கட்டக் கூடாதாம்."

எர்லான் விரல் மடித்துத் தன் ஏழு பேரையும் சொன்னார். நான் அப்பா, அப்பப்பாவோடு நின்றுவிட்டேன்.

"மிச்சம் தெரியாது. ஆனால் நான் கட்டினது என்ர சொந்த மாமான்ர மகனை."

அவருக்குத் தேநீர் புரைக்கேறியது. அந்த மாமா மகன்தான் ஓடிவந்து முதுகில் தட்டிவிட்டார்.

"ஊரிலை எவடம்?" இன்றும் என் நாக்கு நுனிவரை வரும். உடனே சம்பந்தியின் நினைவும் வரும். நான் சொந்தமில்லை என்று தெரிந்த பிறகுதானே அவர் என்னைச் சொந்தமாக்கிக்கொண்டார்.