போனை எடுக்காதவர்கள்

என் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம் ஆன அன்று, ஆஸ்பத்திரி வார்டில்தான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பிறந்தது ஆண் குழந்தை. மூத்தவள் பெண், பால்பல்லே விழாத வயது. தம்பியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல் கட்டில் கட்டிலாகப் போய், உங்களுக்கு என்ன பாப்பா, அது ஏன் அழுகிறது, எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று எல்லோரையும் குடைந்துகொண்டிருந்தாள். நர்ஸம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த விசாரணையை யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். வார்டே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவள் விசாரணைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது.

பெரியவளானதும் ஒரு சமுதாயக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள், இவர்களுக்கு ஒரே வருஷத்தில் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. ஏசி ரிப்பேர், கணக்கு, ரத்தப் பரிசோதனை என்று பல வகுப்புகள். படித்து முடித்தவர்களைச் சில மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டு, வேலை கிடைத்ததா, படித்த வேலைதானா என்று கேட்பது இவள் பொறுப்பு. மாடியில் சின்ன அறை, ஜன்னலை ஒட்டி மேஜை, பக்கத்தில் துணைக்கு இன்னொரு பெண்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காதவரைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். நம்பர் மாறியிருக்கும், ஊர் மாறியிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள். அதைப் பெரிய பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார்கள். அந்த வழக்கம் இவள் கொண்டுவந்தது இல்லை. இவள் மாற்றவும் இல்லை. பலகையைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் பெருமைகூடப் படுவாள்.

தம்பிக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவுக்கு மேற்பார்வை பார்த்தாள். சம்பளம் தவறாமல் வரும். நாள் முழுக்க நீராவியில் நின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும், எங்கள் காலேஜில் ரத்தப் பரிசோதனை படி, பீஸ் குறைவு, பத்துக்கு ஒன்பது பேருக்கு வேலை என்று விசாரணை விடாமல் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஆள் பிடிக்கப் பேசவில்லை, நம்பித்தான் பேசினாள். பீஸ் குறைவுதான். ஆனால் வகுப்பு பகலில். வேலையை விட்டால்தான் படிக்க முடியும். விட்ட சம்பளமும் படிப்புச் செலவுதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பி பெண்டாட்டி வேலையை விட்டுவிட்டுப் படித்தாள். நன்றாகவே தேறினாள்.

வேலைதான் வரவில்லை. சின்னச் சின்னப் பரிசோதனைக்கூடங்களையெல்லாம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாங்கி ஒன்றாக்கியிருந்தது. இருக்கிற ஆளே அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். கொஞ்சம் பொறு, வந்துவிடும் என்று விசாரணை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில் கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அதனால் துணைக்கு இருந்த பெண் விடுமுறையிலும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். விசாரணை தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் காய் நறுக்கும்போது தம்பி பெண்டாட்டியின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்துவிட்டு அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரும்மா அது?"

"உங்க காலேஜ்தான் அண்ணி. நேத்தும் அடிச்சாங்க."

"எடுத்தா என்ன?"

"எடுத்து என்னத்த சொல்றது, வீட்ல வெங்காயம் உரிக்கிறேன்னா? எங்க கிளாஸ்ல வேலை கெடைக்காதவங்க ஒருத்தரும் எடுக்கறதில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விசாரணைக்கு அதற்குமேல் கத்தி ஓடவில்லை.

மறுநாளிலிருந்து, போனை எடுக்காதவர்களைத் தேடி வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். ஏசி ரிப்பேர் படித்தவர் பழையபடி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தி, மாமனார் படுக்கையில் விழுந்ததால் கிடைத்த வேலையையும் விட்டிருந்தாள். ஒருவர் இவளைக் கண்டதும் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். பீஸ் பாக்கி கேட்க வந்திருக்கிறாள் என்று பயந்தாராம். உண்மை தெரிந்ததும் உட்காரவைத்து டீ கொடுத்தார். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேருக்குக்கூடப் படித்த வேலை இல்லை. ரத்தப் பரிசோதனை வகுப்புதான் ரொம்ப மோசம்.

கடைசி வீட்டையும் பார்த்து முடித்த அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் ஒரு பொய்கூட எழுதல. அதுதான் தாங்க முடியல. பொய் சொல்லியிருந்தா மன்னிப்பாவது கேக்கலாம்."

கல்லூரி முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு, இதைச் சொன்னால் அடுத்த வருஷம் யார் சேருவார்கள், மூடினால் இந்த ஏழைபாழைகள் எங்கே போவார்கள் என்று நிதானமாகத்தான் கேட்டாராம். அதுவும் நியாயமாகவே பட்டது இவளுக்கு. இருந்தாலும் குழு வந்ததும் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். பலகை இறங்கியது. ரத்தப் பரிசோதனை வகுப்பை நிறுத்தினார்கள். அதை நடத்திய வாத்தியாருக்கு வேலை போயிற்று. போகிற அன்று மாடிப்படியில் இவளைப் பார்த்து, "பாடம் நல்லாத்தாம்மா எடுத்தேன்" என்றார். உண்மைதான். ஊசி குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர். ஒரு பாவத்தைக் கழுவப் போய் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டேன் என்று என்னிடம் அழுதாள்.

அப்புறம்தான் தம்பி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். என் பேச்சைக் கேட்டுத்தான் நீ கெட்டாய் என்றாள். தம்பி, விடுக்கா என்று எழுந்து போய்விட்டான். தம்பி பெண்டாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அண்ணி, நீங்க சொன்னதுக்காக மட்டும் நான் போகல. டாக்டருங்க, லேப்காரங்க போடுற வெள்ளைக் கோட்டுதான் தினம் இஸ்திரி போட்டேன். ஒருநாள் நானும் போட்டுக்கணும்னு இருந்துச்சு. அந்த ஆசை என்னோடது. அதையும் உங்க தப்புன்னு எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க."

விசாரணை மடித்த துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

தம்பி பெண்டாட்டி மறுபடியும் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். மேற்பார்வைக்கு வேறொருத்தி வந்துவிட்டாள், இவளுக்கு இஸ்திரி மேஜைதான் கிடைத்தது. விசாரணை அதே கல்லூரியில், அதே மாடி அறையில் வேலை பார்க்கிறாள். இன்றும் தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள், போக்குவரத்து நிற்கவில்லை.