செயின் என்று எழுதிய கை

எங்கள் ஊரில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரத்தையும் செயின் வண்டி என்றுதான் சொல்வோம். குடவாசலில் என் மகள் அந்த வண்டிகளுக்குச் சீனாவிலிருந்து உதிரிபாகம் வரவழைத்து விற்கிறாள். அவள் காய்ச்சலில் கிடந்த நாளில், ஆசிரியையான நானே ஆங்கிலத்தில் ஆர்டர் எழுதினேன். "ரப்பரா, இரும்பா?" என்று சீனாவிலிருந்து கேட்டார்கள். செயின் என்றால் இரும்புதானே என்று பதில் போட்டேன்.

வந்து இறங்கியவை மண் தோண்டும் பொக்லைன் வண்டிக்கான இரும்புச் செயின்கள். அவளுடைய மொத்த முதலும் அதில் முடங்கிவிட்டது.

"டீச்சருக்கு நூத்துக்கு நூறும்மா," என்றாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

மேட்டூர் அணை திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, வாய்க்கால் தூர்வாரும் காண்டிராக்டர் ஒருவர் கடைக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன். கூலி உயர்வு கேட்ட என் அப்பாவைக் களத்திலிருந்து விரட்டிய பண்ணையாரின் பேரன் அவர்.

"பொக்லைன் செயின் அறுந்து வாய்க்காலுக்குள்ள நிக்குது மேடம். சென்னையில ஒரு மாசம் ஆகுங்கறான். உங்ககிட்ட இருக்குன்னாங்க."

"இருக்கு. உட்காருங்க," என்றாள் மகள்.

"நெல்லு வண்டிக் கடையில இதை யாருங்க வாங்கி வச்சது?"

"எங்க அம்மாதான்."

அவர் எழுந்து என்னைக் கும்பிட்டார்.

தூர்வாரும் மற்ற காண்டிராக்டர்களும் தேடி வர, அடுத்த வாரத்துக்குள் எல்லாச் செயின்களும் விற்றுத் தீர்ந்தன. எங்கள் வாய்க்காலிலும் தண்ணீர் வந்தது. ஆனாலும் இப்போதெல்லாம் ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்காமல் அதன் பெயரை நான் எழுதுவதில்லை.