கீப்பர் கஸ்பாருக்காக வழக்காடிய அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது எங்கள் அப்பாவிடம் கால்பந்து பேசித் தோற்றிருப்பீர்கள். மீதிப் பேர், தோற்றுவிடுவோம் என்று தெரிந்து மெல்லப் பேச்சை மாற்றியிருப்பீர்கள். அப்பா நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர் வாழ்வை எழுதும் பொறுப்பைத் தம்பிகள் மூத்தவளான என்னிடம் தந்திருக்கிறார்கள். பந்தை விட்டுவிட்டு அப்பாவை எழுத என்னால் ஆகாது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரையில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பிறந்தவர் அப்பா. பாட்டனார் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனதும் அப்பாவின் படிப்பு நின்றது. வலை இழுத்தார். உப்பளத்தில் மூட்டை தூக்கினார். பிறகு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கிரேன் ஓட்டுபவராக ஓய்வு பெற்றார். அத்தைமார் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் தமக்கென்று ஒரு கல்யாணத்தை நினைத்தார். இதற்கு நடுவே பந்து விளையாட ஏது நேரம்? எங்கள் தெருவின் நங்கூரம் கிளப்புக்காக அவர் ஒருநாளும் பூட்ஸ் மாட்டியதில்லை. ஆனால் இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவக்க வந்தாலும், அன்றைக்கு ஆட்டம் இருந்தால் மைதானத்தில் நிற்பார்.

“நீரு ஒரு பந்தாவது அடிச்சிருக்கீரா ஓய்?” என்று யாராவது சீண்டினால் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“ஆடுதவன் பதினோரு பேருதாம்ல. பாக்கதுக்கு நான் இல்லன்னா அவன் யாருக்கு ஆடுவான்?” என்பார்.

கிளப்பின் வரலாற்றிலேயே சிறந்த பதினோரு பேர் யார் என்று கேட்டுவிட்டால் போதும், குசினியில் அம்மா ஆக்கி வைத்த சோறு ஆறிப்போகும். இடது ஓரத்தில் ஓடிய லெயோன் அண்ணனைச் சொல்லும்போது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். லெயோன் அண்ணன் சங்கு குளிக்கிறவர். கடைசி நிமிடம் வரை அவருக்கு மூச்சு இரைத்து அப்பா பார்த்ததே இல்லையாம். ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்த முத்துராஜ் அண்ணாச்சி, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து நடுக்களத்தில் ஆடியவர். “அவன் பந்தைத் தட்டுல வச்சுக் குடுப்பாம்லா! நீ கோலுக்குள்ள தள்ளுனா போதும்” என்பார் அப்பா. பின்வரிசையில் செபஸ்தி மாமா. அவரைத் தாண்டிப் போனேன் என்று எவன் சொன்னாலும் அது பொய் என்பது அப்பாவின் தீர்ப்பு.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், முதல் பெயராக அப்பா சொல்வது, எங்களுக்குச் சித்தப்பா முறையான கீப்பர் கஸ்பாரை. அங்கேதான் தெருவே அப்பாவோடு சண்டைக்கு வரும்.

காரணம் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மாலையில் கோயிலில் திரிகால செபத்துக்கான மணி அடித்தால், எங்கள் மைதானத்தில் பந்து எங்கே கிடந்தாலும் நடுவர் விசில் ஊதுவார். ஆட்டக்காரர், பார்ப்பவர் அத்தனை பேரும் கோயிலைப் பார்த்து நின்று சிலுவை அடையாளம் போடுவோம். முத்துராஜ் அண்ணாச்சி இந்து. அவரும் தலை குனிந்து நிற்பார். செபம் முடிந்த பிறகே பந்து உருளும். இது எழுதி வைத்த சட்டம் அல்ல. எங்கள் ஊர் வழக்கம்.

நான் சிறுமியாக இருந்தபோது மாதா திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. எதிரணியும் நடுவரும் வெளியூர். இரு பக்கமும் கோல் இல்லை. முடிய இன்னும் சில நிமிடங்கள்தான். மணி அடித்தது. நங்கூரம் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். கஸ்பார் சித்தப்பா நெற்றியில் கை வைத்தபடி கோயில் பக்கம் திரும்பினார். நடுவரோ விசில் ஊதவில்லை. எதிரணிக்காரன் பந்தைக் கொண்டுபோய் வலைக்குள் தட்டினான். கோப்பை போயிற்று!

அன்றிலிருந்து சித்தப்பா பட்ட ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. கடைக்குப் போனால் கேலி, கோயிலுக்குப் போனால் கேலி. அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் வேலைக்குப் போய்விட்டார். அப்பா மட்டும் ஓயவில்லை.

“மணி அடிச்சா நிக்கணும்னு சொல்லிக் குடுத்தது நம்ம. அத வெளியூர் நடுவர்ட்ட சொல்லாம விட்டதும் நம்ம. நின்னது பதினோரு பேரு. ஏச்சு வாங்குனது ஒருத்தன். இது என்னலே நியாயம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒத்துக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுவரை வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் அப்பா வேலையையும் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. “நங்கூரத்துல நல்ல கீப்பர் யாரு மாப்ள?” என்றார். அவர் சற்றும் தயங்காமல் “கஸ்பார் அண்ணந்தான் மாமா” என்றார். பெரிய தம்பி வாசலிலேயே அவர் காதில் ஓதிவிட்ட விவரம் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

பிற்பாடு கிளப்புக்குப் புதிய மன்றம் கட்டினார்கள். எல்லா ஆட்டத்தையும் பார்த்தவர் என்பதால், சுவரில் யார் யார் படத்தை மாட்டலாம் என்று அப்பாவிடமே வந்து கேட்டார்கள். பத்துப் படங்கள் அப்பா சொன்னபடி ஏறின. கஸ்பார் சித்தப்பா படத்தை மட்டும் மாட்ட மறுத்துவிட்டார்கள். வேறு கீப்பரை வைக்க அப்பா சம்மதிக்கவில்லை. அந்த இடம் வெறுஞ்சுவராகவே நின்றது.

“கஸ்பாரு படம் ஏறுத அன்னைக்குத்தான் நான் உள்ள ஏறுவேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன சொல்லில் நின்றார். மைதானத்தில் கத்தித் தொண்டை கட்டுவார். ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்க மன்றத்துக்குள் போகும்போது அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். மழையிலும் அங்கேதான். அந்தப் பிடிவாதத்தில் அம்மாவுக்கு எரிச்சல். எனக்கோ, சொல்லிக்கொள்ளாத பெருமை. இன்று அச்சில் சொல்லிவிட்டேன்.

கடல் வேலையிலிருந்து ஓய்ந்து வந்த கஸ்பார் சித்தப்பாதான், அப்பா நோயில் கிடந்த நாட்களில் மருத்துவமனையில் தினமும் கூட இருந்தார். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது அந்தக் கைகள்தான். “பாத்தியாம்மா, இவன் பிடிச்சா நழுவாது” என்று அந்த வேதனையிலும் என்னிடம் கட்சி சேர்த்தார் அப்பா.

அடக்கம் முடிந்து சில மாதங்களில் கிளப்புத் தலைவர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் போல ஒரு ரசிகர் கிளப்புக்கு வாய்க்கவில்லை என்றும், அவர் படத்தை மன்றத்தில் மாட்ட விரும்புவதாகவும் சொன்னார். தம்பிகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அசையவில்லை.

“உயிரோட இருக்கயில அவிய கால் வைக்காத எடத்துல, செத்த பொறவு படமா ஏத்துவியளோ? கஸ்பாரு படத்த மாட்டிட்டு வாங்க. பொறவு பேசுவோம்.”

“நியாயந்தான் மதினி. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம்” என்று சொல்லி எழுந்தார் தலைவர் அண்ணாச்சி. கமிட்டியைக் கூட்டிச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

சித்தப்பாதான் சம்மதிக்கவில்லை. “எனக்கு இனி என்னத்துக்கு மதினி படம்? அண்ணனே போயிட்டாவ” என்று மறுத்தார்.

“ஒனக்காக இல்லய்யா கஸ்பாரு. நீ ஏறுனாத்தான் ஒங்க அண்ணன் உள்ள வருவாவ” என்றார் அம்மா. சித்தப்பா குழந்தையைப் போல் அழுதுவிட்டார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். தவறு என்று கண்டதும் திருத்திக்கொண்ட கிளப்பாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று திருப்பலி முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டாம். எல்லோரும் மன்றத்துக்கு வாருங்கள். முதலில் கஸ்பார் சித்தப்பாவின் படம் ஏறும். அதன் பிறகு, அவர் கையாலேயே அப்பாவை உள்ளே கூட்டி வருகிறோம்.

– மூத்த மகள்