அவர் பேசியதை எழுதிக்கொண்டார்கள்

நடவுக் கூலித் தகராறில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்ற வருஷம். அம்மாவும் தெருப் பெண்களும் இரண்டு வாரமாக வயலில் இறங்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நான் கும்பகோணத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன்.

ஒருநாள் கிளை நூலகர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் தெருவுக்கு அரசாங்க உத்தியோகஸ்தர் என்று வந்தால் அது போலீஸாகத்தான் இருக்கும். அம்மா பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்துல ஒரு படம் போடறோம்மா. அமெரிக்காவுல கறுப்பின மக்கள் பட்ட கொடுமை, அவங்கள்ல வந்த அறிஞர்கள், இதைப் பத்தி. இங்கிலீஷ் படம். காலேஜ் படிக்கிற பொண்ணு, நீ பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லணும்."

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது சார்."

"எனக்கு அதைவிடக் கம்மி," என்றார்.

ஜன்னல்களைச் சாக்கால் மறைத்து அறையை இருட்டாக்கியிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் முன்னால் தரையில். பின்னால் நாற்காலிகளில் வாத்தியார்களும், அம்மா வேலை செய்யும் வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் வந்தன. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. நான் வாயைத் திறக்கும் முன்பே தரையிலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம். அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் வந்தார். நரைத்த தலை, கறுத்த முகம், சுவர் முழுக்கப் புத்தகம். ஏதோ ஒரு கல்லூரியில் பேராசிரியர். கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகப் பேசினார். சுற்றிலும் வெள்ளைக்கார மாணவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய நீள நீளமான வாக்கியங்களில் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"அந்தப் புள்ளைங்க என்ன பண்ணுதுங்க?"

"அவர் சொல்றதை எழுதிக்கிறாங்கம்மா."

"எதுக்கு? கேசு போடவா?"

"இல்லம்மா. படிக்கறதுக்கு."

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவள் தலை நிழல் திரையில் விழுந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ரீல் முடிந்ததும், "அவரு வர்ற எடத்தை இன்னொரு தரம் காட்டச் சொல்லு," என்றாள். தஞ்சாவூரிலிருந்து வந்த ஆபரேட்டர் சலித்துக்கொண்டார். "திருப்பிச் சுத்தணும்மா, நேரமாகும்."

"சுத்துங்க, பார்ப்போம்." பின்னாலிருந்து சொன்னது மிராசுதார். ஏன் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாம் தடவை நான் தடுமாறாமல் சொன்னேன். அறையில் ப்ரொஜக்டர் சத்தமும் என் குரலும் மட்டும்தான் இருந்தன.

அடுத்த வாரம் கூலிப் பேச்சு முடிந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. படம் பார்த்து யாரும் மனம் மாறியதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை ராத்திரி வாய்க்கால் கரையில் வீடு திரும்பியது மறக்கவில்லை. அம்மா முன்னால் நடந்தாள்.

"அவ்வளவு மெதுவாப் பேசறாரு, ஒருத்தன் குறுக்கப் பேசலையே," என்றாள். கொஞ்ச தூரம் போய், "அவரைப் பெத்தவ என்ன வேலை பாத்திருப்பா?"

"படத்துல சொன்னாங்களேம்மா. பருத்திக் காட்டுல கூலி வேலை."

அம்மா நின்றாள். திரும்பி, அதுவரை பார்த்தே இராத ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.